ஆண் செடியைப் பிடுங்காத தோட்டம்

உத்தராகண்டின் அல்மோராவில் நான் தங்கிய வீட்டில் கேழ்வரகு ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஒரு சட்னி வைத்தார்கள். பச்சை கலந்த சாம்பல் நிறம். முதலில் எலுமிச்சைப் புளிப்பு, பின்னாலேயே பச்சை மிளகாய், கடைசியில் எள்ளும் வேர்க்கடலையும் சேர்த்து வறுத்தாற்போல ஒரு வாசனை. இடையிடையே ஏதோ தோல் பல்லில் நறநறத்தது. என்ன சட்னி என்று கேட்டேன். "பாங்" என்றார் அந்த வீட்டுப் பாட்டி. குமாவுன் மலையில் பாட்டியை ‘ஆமா’ என்று கூப்பிடுகிறார்கள். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு ஆமா உள்ளே போய்ப் பழைய தகர டின் ஒன்றை எடுத்துவந்து என் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டினார். கொத்தமல்லி விதையைவிடக் கொஞ்சம் சின்னது. சாம்பலும் பழுப்புமாக, மேலே வரிவரியாய்க் கோலம். "இதைத் தின்றால் போதை வராது, பசிதான் வரும்" என்றார்.

கஞ்சாச் செடியின் விதைதான். வெறும் சட்டியில் வெடிக்கும்வரை வறுத்து, புதினாவோ கொத்தமல்லியோ சேர்த்து, மலை எலுமிச்சையைப் பிழிந்து அம்மியில் அரைத்தால் சட்னி. ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்தால், நாம் தேங்காய்ப்பால் விடுகிற இடத்தில் அவர்கள் சேப்பங்கிழங்குக் குழம்பில் அதை விடுகிறார்கள். குளிர்கால வெயிலில் முற்றத்தில் உட்கார்ந்து, பெரிய மலை எலுமிச்சையை உரித்துத் தயிர், முள்ளங்கி, வெல்லத்தோடு இந்த விதை விழுதையும் போட்டுப் பிசைந்து தின்பது அங்கே ஒரு திருவிழா மாதிரி. பக்கத்து மாநிலமான இமாச்சலத்தில் ‘சித்து’ என்ற ஆவியில் வேகும் ரொட்டிக்கு இது பூரணம்.

ஆமா சொன்னதைத்தான் சட்டமும் வேறு மொழியில் சொல்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சா என்பது அந்தச் செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிகள். நுனியோடு சேராமல் தனியாக இருக்கும் விதையும் இலையும் அந்த வரையறைக்குள் வராது. வடக்கே ஹோலிக்கு இலையை அரைத்துப் பாங் குடிக்க முடிவதும், குமாவுன் கடைத்தெருவில் இந்த விதை கடுகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் இதனால்தான்.

ஆனால் அதே விதையை மண்ணில் ஊன்றினால் கதை மாறிவிடும். நோக்கம் என்னவாக இருந்தாலும், அனுமதியில்லாமல் கஞ்சாச் செடி வளர்ப்பதே குற்றம். பத்தாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். சட்டத்தின் 14-ஆம் பிரிவு மட்டும் ஒரு சன்னலைத் திறந்து வைத்திருக்கிறது: நாருக்காகவோ விதைக்காகவோ பயிரிட அரசு நிபந்தனைகளோடு அனுமதிக்கலாம். அந்தச் சன்னல் வழியே தொழில்முறை சாகுபடிக்கு முதலில் உரிமம் கொடுத்தது உத்தராகண்ட், 2018-இல். தமிழ்நாட்டில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. கொல்லையில் நாலு விதை போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றுகிறவர்கள் அந்த ஆசையை இங்கேயே விட்டுவிடலாம். மேற்கொண்டு நான் சொல்வதெல்லாம் உரிமத்தோடு முதல்முறை இந்தப் பயிரில் இறங்கும் மலை விவசாயியின் கதை.

(இந்தச் செடியை நம் அகராதிகள் ‘சணல்’ என்று எழுதிக் குழப்புகின்றன. கோணிச் சாக்குக்கான சணல் வேறு செடி. வயலில் பசுந்தாள் உரமாக மடக்கி உழும் சணப்பை இன்னொரு செடி. மூன்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை; நார் உண்டு என்பதோடு சரி.)

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இது பனையைப் போல ஆண் தனி, பெண் தனி என்று நிற்கும் செடி. போதைக்காக வளர்க்கிறவனுக்கு ஆண் செடிதான் எதிரி. மகரந்தம் பட்டுவிட்டால் பெண் பூ பிசினை மறந்து விதை பிடிக்கப் போய்விடும், சரக்கின் மதிப்பு விழுந்துவிடும். ஸ்பானிய மொழியில் ‘விதையில்லாதது’ என்று பொருள்படும் ‘சின்செமியா’ என்ற சொல் உலகக் கஞ்சாச் சந்தையில் உயர்ந்த சரக்குக்குப் பெயரானது இப்படித்தான். நம் ஊர்க்காரர்களுக்கு இது அதற்கு வெகு முன்பே தெரியும். 1893-இல் பிரிட்டிஷ் அரசு நியமித்த கஞ்சா விசாரணைக் கமிஷனின் அறிக்கையில், இன்று வங்கதேசத்தில் இருக்கும் நவுகாவ் பகுதியின் ‘போத்தார்’கள் வருகிறார்கள். செடியைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்லும் நிபுணர்கள். விவசாயிகள் கூலி கொடுத்து அவர்களைக் கூட்டிவருவார்கள். வரிசை வரிசையாக நடந்து, ஆண் செடி பூ அவிழ்வதற்குள் ஒன்றுவிடாமல் பிடுங்கிப் போட வேண்டும். ஆங்கிலேய அதிகாரிகள் அவர்களைக் ‘கஞ்சா டாக்டர்’ என்றே எழுதினார்கள்.

விதைக்குப் பயிரிடுகிறவனுக்கு அந்த டாக்டரால் ஒரு வேலையும் இல்லை. அவன் தோட்டத்தில் ஆண் செடி பூத்தால்தான் பிழைப்பு. ஒரே செடி, ஒரே மண். ஆண் நிற்கிறதா இல்லையா என்று பார்த்தே அந்த வயல் எதற்கானது என்று சொல்லிவிடலாம். எனக்கு இந்தப் பயிரில் பிடித்த விஷயமே இதுதான்.

இந்த ஆண் பெண் விவகாரத்தில் உலகமே கொஞ்சம் தடுமாறியிருக்கிறது. பழைய இங்கிலாந்துக் குடியானவர்கள் ஒல்லியாக வளர்ந்து சீக்கிரம் வாடிப்போகும் செடியைப் ‘பெண்’ என்று பொருள்பட ஃபிம்பிள் என்றார்கள்; தடித்து நின்று விதை சுமந்த செடியை ‘ஆண்பிள்ளை’ என்று பொருள்பட கார்ல் என்றார்கள். உண்மை நேர் எதிர். பிள்ளை பெற்றவளுக்கு ஆண் பெயர்! குமாவுனில் பழைய வழக்கு தெளிவாக இருக்கிறது: ஆண் செடி ‘ஃபூல் பாங்’, அதாவது பூ மட்டும் பூப்பது, விதை தருவது ‘குல் பாங்’.

விதைப்பு மே, ஜூனில். தண்ணீர் தேங்கினால் இந்தச் செடிக்கு ஆகாது. ஒரு பெருமழைக்கு ஓரிரு நாள் வேர் மூழ்கினாலே இளஞ்செடி மஞ்சளடித்துவிடும். மலைச்சரிவின் படிக்கட்டு வயல்கள் இதற்கு வாகாக இருப்பது அதனால்தான். எருவை நன்றாகத் தின்னும். மாட்டுக் கொட்டகையை ஒட்டிய துண்டு நிலத்தைப் பழைய ஆட்கள் இதற்கென்றே ஒதுக்கினார்கள். நெருக்கி விதைத்தால் கிளைக்காமல் நெட்டையாய்ப் போகும், அது நாருக்கு. இடம் விட்டால் புதராகக் கிளைக்கும், கிளைதோறும் விதை பிடிக்கும்.

புதிதாக இறங்குகிறவர்கள் ஏமாறும் இடம் வேறு. இது இரவின் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் செடி. ஜூன் கடைசியில் பகல் குறையத் தொடங்கியதும் அதற்குத் தகவல் போய்விடும். பிரான்சிலோ பின்லாந்திலோ நீண்ட கோடைப் பகலுக்குப் பழகிய ரகத்தை, உயர்ந்த விதை என்று வாங்கி வந்து இமயமலையில் போட்டால், இங்கிருக்கும் பகல் அதற்கு எப்போதுமே குட்டை. வளரவேண்டிய நேரத்தில், இடுப்பு உயரம் வருவதற்குள் பூத்து முடித்துவிடும். ஆமாவின் கொல்லைச் செடியோ ஆளை மறைக்கும் உயரம்.

அப்படியானால் உள்ளூர் விதையையே போட்டால் என்ன? அங்கேதான் சிக்கல். உரிமம் பெற்ற வயலில் செடியின் போதைச்சத்தான டிஹெச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மலையில் சாலையோரம், ஓடைக்கரை, பள்ளிக்கூடச் சுவர் என்று தானாக முளைத்து நிற்கும் பாங்குச் செடிக்கு இந்த 0.3 என்ற எண்ணைப் பற்றி எதுவும் தெரியாது. அதன் வழிவந்த உள்ளூர் விதை, எல்லையைத் தாண்டுவதுதான் வழக்கம். சரி, சான்றிதழ் உள்ள விதையை வாங்கிப் போட்டாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். காற்றுக்கு யார் உரிமம் கொடுப்பது? ஓர் ஆண் பூவிலிருந்து லட்சக்கணக்கில் மகரந்தத்தூள் கிளம்புகிறது. ஒரு செடியில் நூற்றுக்கணக்கான பூ. மொராக்கோ நாட்டுக் கஞ்சா வயல்களின் மகரந்தம் கடலைத் தாண்டி ஸ்பெயினின் மாலகா நகரத்துக் காற்றில் அகப்பட்டிருக்கிறது. பக்கத்து ஓடைக்கரையிலிருந்து படிக்கட்டு வயலுக்கு வருவதா பெரிய தூரம்?

அப்படிக் காட்டு மகரந்தம் வந்து விழுந்தால் இந்த ஆண்டுப் பயிருக்குப் பாதகமில்லை. நிற்கும் செடியின் போதைச்சத்து அதன் பிறப்போடு வந்தது. காய்க்கும் விதையும் தின்னுவதற்கு நல்லதுதான். ஆனால் அந்த விதையை எடுத்துவைத்து அடுத்த ஆண்டு விதைத்தால், தாய் சான்றிதழோடும் தகப்பன் ஓடைக்கரையிலுமாக ஒரு தலைமுறை முளைக்கும். மூன்று நான்கு போகத்தில் பயிர் எல்லை தாண்டிவிடும். சோதனையில் பிடிபட்டால் வயலை அழிக்க வேண்டியதுதான். அதனால்தான் விதைக்கென்றே பயிரிடும் விவசாயி ஒவ்வோர் ஆண்டும் விதைக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. கனடா போன்ற நாடுகளில் சான்று விதை உற்பத்தி வயலைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரம்வரை வேறு கஞ்சாப் பயிர் இருக்கக் கூடாது என்று விதி. மலையில் அந்த விதியை யாரிடம் போய்ச் சொல்வது?

அறுவடைக்கு ஒரே நாள் என்று கிடையாது. ஒரே கதிரில் கீழ் விதை பழுத்து உதிரும்போது மேல் விதை பச்சையாகவே இருக்கும். முழுக்கப் பழுக்கட்டும் என்று காத்திருந்தால் பாதி மண்ணுக்கும் மீதி புறாவுக்கும் சிட்டுக்கும் போகும். குருவிகளுக்கு இந்த விதை என்றால் உயிர். கூண்டுப் பறவைகளுக்குத் தீனியாக இதையும் விற்கிறார்கள். முக்கால்வாசி விதை பழுப்பேறியதும் அறுத்துவிட வேண்டும். அக்டோபர், நவம்பர் வெயிலில் துணி விரித்துக் கட்டுகளைத் தட்டினால் விதை உதிரும். பூவைச் சுற்றிய செதில் இலைகளில்தான் பிசின் இருக்கிறது. விதைக்குள் ஏதும் இல்லை. அந்தச் செதில் தூசியை நன்றாகப் புடைத்து நீக்காவிட்டால் விதையின் மேல் ஒட்டிக்கொண்டு சோதனைச்சாலையில் வம்பு வரும். 2021-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்த விதையை உணவாக விற்கலாம் என்று அறிவித்தபோது, கிலோ விதையில் டிஹெச்சி 5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, எண்ணெயில் 10 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தது. ஆமாவின் முறம் செய்யும் வேலைக்கு இப்போது மில்லிகிராமில் கணக்கு.

விதையின் எடையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய், நான்கில் ஒரு பங்கு புரதம். எண்ணெய் அதிகம் என்பதால் ஈரத்தோடு மூட்டை கட்டினால் காறிப்போகும், முளைப்புத்திறனும் போய்விடும். நகரத்துக் கடைகளில் தோல் நீக்கிய பருப்பைக் கண்ணாடி ஜாடியில் போட்டு முந்திரியைவிட அதிக விலை சொல்கிறார்கள். தோலோடு அரைத்த அந்த நறநறப்பு அதில் கிடையாது.

ஆண் செடியை மறந்துவிட்டேன். மகரந்தம் உதிர்த்ததும் அதன் ஆயுள் முடிந்தது. விதை பழுக்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்போதே அதை மட்டும் பார்த்துப் பார்த்து அறுப்பார்கள். ஓடையில் ஊறப்போட்டு உரித்தால், தாய்ச்செடியின் நாரைவிட மெல்லிய, பலமான நார். ஆமாவின் மாமியார் காலத்தில் அதில் துணி நெய்து உடுத்தியிருக்கிறார்கள்; இப்போது கயிறு திரிப்பதோடு சரி.

புறப்படும் நாளில் ஆமாவிடம் கேட்டேன், கொல்லையில் போடுவதற்கு விதை எங்கே வாங்குகிறீர்கள் என்று. சட்னிக்கு எடுத்த அதே தகர டின்னைக் காட்டினார். லைசென்ஸ் உண்டா என்றேன். அந்தச் சொல் அவருக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை. கொட்டகைப் பக்கம் திரும்பி, மாட்டைக் கட்டியிருந்த கயிற்றை இழுத்துக் காட்டி, "மூன்று வருஷம் ஆச்சு, இன்னும் அறவில்லை" என்றார்.