குருதி உறையுமட்டும்

முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல் என்று இருபத்தெட்டு ஆண்டுகளாக மாணவர்க்குப் பாடஞ் சொல்லி வருகிறேன். பிரிந்து சென்றோன் மீண்டு வருமளவும் தலைவி ஆற்றியிருத்தலே இருத்தல் என்று விளக்கிவிட்டு அடுத்த திணைக்குச் சென்றுவிடுவது என் வழக்கம். “ஐயா, இருத்தல் என்றால் சும்மா இருப்பதுதானே? அதற்கு ஏன் ஒரு திணை?” என்று ஒரு மாணவன் ஒருமுறை வினவினான். வகுப்பு நகைத்தது, நானும் நகைத்தேன். விடை ஏதும் சொன்னதாக நினைவில்லை.

சென்ற மாசி மாதத்து இரவொன்றை மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில், விடுதிக்கு வெளியே கிடந்த வாங்கொன்றில் கழித்தேன். அம்மாணவனின் முகம் அன்றிரவு பலமுறை என் கண்முன் வந்தது.

என் தமக்கையாருக்கு ஒரே மகன். மட்டக்களப்புப் பகுதியிலே குடிவழி தாய்வழியாகவே எண்ணப்படும். ஆதலால் தாய்மாமன் என்னும் உறவு இங்கே பாரமான உறவு. பதுளை வீதியோரத்து எங்கள் காணியை அவனே செய்து வருகிறான். எங்களூரில் வேளாண்மை என்றால் நெற்பயிரே, பிறவெல்லாம் தோட்டம். அறுவடைக்கு இப்பொழுது பொறி வந்துவிட்டது. எனினும் ஈரம் வற்றாத மூலைகளில் அது இறங்காது. அத்தகைய மூலையொன்றைத் தாக்கத்தியால் அறுத்து, மாலையில் உப்பட்டியைத் தூக்கியபோது, அடியிற் கிடந்த கண்ணாடி விரியன் அவன் புறங்கையில் தீண்டிற்று.

ஐந்தரை மணிக்குக் கடியுண்டவன் ஆறு மணிக்குச் செங்கலடி வீட்டு முற்றத்தில் வந்து நின்றான். முழங்கைக்கு மேலே கயிற்றினால் இறுகக் கட்டியிருந்தார்கள். அவ்வாறு கட்டுதல் தவறென்று பின்னரே அறிந்தேன். பார்வை பார்க்கும் பரிகாரியாரிடம் கொண்டுபோக வேண்டும் என்றார் தமக்கையார். எங்கள் பாட்டனாரும் விஷகடி வைத்தியரே. அவர் வைத்துப்போன சித்தராரூட ஏடு இன்றும் என் பெட்டியில் இருக்கிறது. அதனைச் செம்மையாகப் பதிப்பிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆகவே “வேண்டாம்” என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அரை மணி நேரம் அவ்வாறே கழிந்தது. இதனை மறைத்து எழுதுவதிலும் எழுதாமல் விடுவதே நன்று. அவனது பல்லீறிற் குருதி கசியக் கண்ட பின்னரே ஓடிச்சென்று வாகனம் பிடித்தேன்.

முதலிற் செங்கலடி வைத்தியசாலை. அங்கிருந்து அம்புலன்சில் மட்டக்களப்பு. ஏறாவூர், தன்னாமுனை, பிள்ளையாரடி, ஊறணி. நாள்தோறும் பஸ்ஸில் போய்வரும் பத்து மைல் வழிதான். அன்று ஒவ்வோர் ஊரும் முடிவின்றி நீண்டது.

விடுதியில் ஓர் இளம் வைத்தியர். சிங்களவர்; மட்டக்களப்பிலே பழகிய தமிழை மெல்ல மெல்லப் பேசினார். சிறிய கண்ணாடிக் குழாயில் 2 மில்லிலீற்றர் குருதியை எடுத்து, மேசைமீது அசையாது நிறுத்திவைத்தார். 20 நிமிடம் கழிந்தபின் குழாயை ஒரே ஒரு முறை சாய்த்தார். உறைந்த குருதியாயின் அடியிலே ஒட்டி நிற்கும். இதுவோ நீர்போல வழிந்தது. “ஓடுது” என்றார். இவ்வளவே சோதனை, வேறு பெருங்கருவி ஒன்றும் வேண்டியதில்லை.

விரியன் நஞ்சு குருதியை உறையச் செய்யும் பொருள்களை உடலெங்கும் வீணே தூண்டிச் செலவழித்துவிடுகிறது. பின்பு ஒரு சிறு கீறலையும் அடைக்க எதுவும் எஞ்சுவதில்லை. மாற்று மருந்து நஞ்சைத் தடுக்கும். செலவழிந்ததை மீட்டுத் தராது. அதனை ஈரல் புதிதாக ஆக்கவேண்டும். அதற்கு ஏறத்தாழ 6 மணி நேரம் செல்லும். ஆதலின் 6 மணிக்கு ஒருமுறை அக்குழாய்ச் சோதனையை மீளச் செய்வர். எட்டு மணிக்கு 20 குப்பி மருந்து ஏற்றத் தொடங்கினர். இனி இரண்டு மணிக்குத்தான் செய்தி.

இம்மருந்து குதிரையின் குருதியிலிருந்து எடுக்கப்படுவது. 1890களில் பிரெஞ்சு அறிஞர் ஆல்பேர் கல்மெட் காட்டிய வழி அது. நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவருவது இந்தியாவிலே, இந்தியப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு ஆக்கிய மருந்து. நஞ்சைத் தடுக்கும் அம்மருந்தே சிலருக்கு மூச்சையும் அடைத்துவிடுமாம். ஆதலின் வேறோர் ஊசியை ஆயத்தமாக வைத்துக்கொண்டு வைத்தியர் பக்கத்திலேயே நின்றார். இலங்கையில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு தீண்டுகிறது என்றும், 400க்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர் என்றும் 2012, 2013ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் எடுத்த கணக்கு கூறுகிறது. உலக சுகாதார நிறுவனம் இதனைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் வரிசையிற் சேர்த்தது 2017இலேதான். வயலில் நிற்பவனைக் கடிக்கும் பாம்புக்கு அத்தனை காலம் சென்றது.

கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய தாள் ஆங்கிலத்தில் இருந்தது. மானிப்பாயிலே அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே வைத்தியமும் கற்பித்தார். அவ்வழி தூர்ந்து போகாதிருந்தால், பண்டிதனாகிய நானும் என் மருமகனின் நிலையை வாசித்தறிந்திருப்பேன்.

எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். போகுமுன் தமக்கையார் சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து ஒரு வேப்பங்கொத்தை எடுத்தார். முற்றத்து வேம்பில் எப்பொழுது முறித்தாரோ அறியேன். “மிஸ்ஸி, இதைப் பிள்ளையின்ர தலைமாட்டில வைக்கட்டா?” என்றார். நான் தடுக்க வாயெடுத்தேன். தாதியோ, “வையுங்கம்மா, மருந்துப் பக்கம் படாம வையுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பொழுதுதான் அரிசில்கிழார் நினைவுக்கு வந்தார். புறநானூற்றின் 281ஆம் பாட்டு அவருடையது. புண்பட்டு வந்த வீரன் வீட்டினுள்ளே கிடக்கிறான். வீட்டிறப்பில் இரவமும் வேம்பும் செருகுகிறார்கள், ஐயவி தூவுகிறார்கள், ஆம்பற் குழல் ஊதுகிறார்கள், மணி அடிக்கிறார்கள், காஞ்சிப் பண் பாடுகிறார்கள், மனை கமழப் புகை எழுப்புகிறார்கள். பேய் அணுகாமற் காத்தற்கு என்று உரை சொல்லி வந்தவன் நான். அன்றிரவு வேறொன்று புலப்பட்டது. அவ்வளவு வேலையும் புண்பட்டவனுக்கு மட்டும் உரியதன்று. வெளியே இருப்பவர் கைக்கு ஏதாவது வேண்டும். எங்கள் கைகளுக்கு ஒன்றுமில்லை. தமக்கையார் அந்த முடிச்சுத் தலைப்பையே அவிழ்ப்பதும் முடிவதுமாக இருந்தார்.

நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் அரசனும் நள்ளிரவில் உறங்குவதில்லை. வேப்பந்தழை சூடிய வேலோடு ஒருவன் முன்னே சென்று காட்ட, புண்பட்ட வீரரை வரிசையாகப் பார்த்து வருகிறான். பன்னிரண்டு மணிக்கு மேலே கதவின் கண்ணாடியூடே பார்த்தபோது, அந்த இளம் வைத்தியர் கட்டில் கட்டிலாக வந்துகொண்டிருந்தார். மருமகனை விரலசைத்து மேலே பார்க்கச் சொன்னார். அவனுடைய இமைகள் பாதியே உயர்ந்தன. நம் நாட்டு விரியனின் நஞ்சுக்கு அந்தக் குணமும் உண்டு.

வாங்கில் எங்களோடு இருந்தவர் ஏறாவூர் முஸ்லிம் பெரியவர் ஒருவர். “குடிங்க வாத்தியார், விடிய இன்னும் கிடக்கு” என்று குடுவை மூடியிலே பிளேன்ரீ ஊற்றித் தந்தார். மறுபுறம் வந்தாறுமூலைக் கிழவியார் ஒருவர், பேரனின் காய்ச்சலுக்காக வந்தவர். 1990ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆம் நாள், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்களிலிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டனர். அவருடைய மூத்த மகனும் அவர்களுள் ஒருவன். தமக்கையார் விம்மியபோது கிழவியார் அவர் முழங்காலில் கைவைத்து, “அழாதே மகள். உன்ர பிள்ளை இந்தக் கதவுக்கு உள்ளுக்குத்தான் கிடக்கான் எண்டு உனக்குத் தெரியும்தானே” என்றார். அதற்குமேல் அவர் தம் கதையைப் பேசவில்லை. முல்லைப்பாட்டில் தலைவிக்காக முதுபெண்டிர் விரிச்சி கேட்கச் செல்வர். அவளுக்கு நற்சொல் கிட்டுகிறது. இவருக்கு நற்சொல்லோ தீச்சொல்லோ எவரும் சொன்னதில்லை.

இரண்டு மணிக்குக் காவலர் மருமகன் பெயரைச் சொல்லி அழைத்தார். மீண்டும் “ஓடுது.” மீண்டும் மருந்து. இனி எட்டு மணிக்கு.

வாங்குக்குத் திரும்பியபின், “நான்தான் தம்பி சுணக்கினது” என்றார் தமக்கையார். அவர் அதைத் தம் தலையிற் போட்டுக்கொள்ளட்டும் என்று ஒரு கணம் பேசாதிருந்தேன். அந்தக் கணத்துக்காக இன்றும் நாணுகிறேன். பிறகு சொன்னேன்: “இல்லை அக்கா, எனக்குத் தெரிஞ்சுதான் பேசாம நிண்டேன்.” அவர் மறுமொழி சொல்லவில்லை. எழுந்து போகவுமில்லை. ஏறாவூர்ப் பெரியவர் சுபஹுத் தொழுகைக்கு எழுந்து போனார். வைகறை வந்தது, வாவிப் பக்கத்திலிருந்து குளிர்காற்று வந்தது.

எட்டரை மணிக்கு வைத்தியர் குழாயைக் கையில் எடுத்தார். கண்கள் சிவந்திருந்தன, இரவு முழுவதும் நின்றவர். சாய்த்தார். குருதி அசையவில்லை. எங்களைப் பார்த்து, மீண்டும் ஒருமுறை முற்றாகவே கவிழ்த்துக் காட்டினார். விழவில்லை.

சிறுநீரகம் பழுதுபடாதிருக்கிறதா என்று அறிய இன்னும் சில நாள் வைத்திருந்தார்கள். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். கையிலே இரண்டு விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை. ஏட்டைப் பதிப்பிக்கும் எண்ணத்தை நான் கைவிடவில்லை; முன்னுரையில் அந்த அரை மணி நேரத்தையும் எழுதுவேன்.

இமை முழுவதும் திறந்த அன்று மருமகன் முதலிற் கேட்டது, “மாமா, அந்த மூலையை வெட்டியாச்சா?” என்பதே. வெட்டவில்லை. அதற்குள் பன்றி தின்றுவிட்டது.