வேலிக் கணக்கில் நிலம், மரக்கால் கணக்கில் கூலி! காவிரிப் படுகையின் அதிரவைக்கும் கணக்குகள் தெரியுமா?

பெரிய கோவில் தெரியும். கல்லணை தெரியும். பச்சைப் பசேலென்ற சம்பா வயல் தெரியும். ஆனால் அந்த வயலில் விளைந்த நெல் யார் வீட்டுக் குதிருக்குப் போனது, யார் வீட்டு அடுப்பு எரியாமல் கிடந்தது என்ற கணக்கு தெரியுமா? இந்தக் கணக்கை மாற்றிக் காட்டியவர்களும் இதே மண்ணில் இருக்கிறார்கள் என்பது தெரியுமா? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

நெல்மணி அளவு நிலத்துக்கும் கணக்கா?

ஆமாம்! ராஜராஜ சோழன் காலத்து நில அளவையில், ஒரு வேலியை 5,242 கோடியே 88 லட்சம் கூறுகளாகப் பிரித்தால் வரும் ஒரு கூறுவரை அளந்து வரி விதித்தார்களாம்! ஒரு வேலி என்பது ஏறக்குறைய 6.67 ஏக்கர். இன்றைய கணக்கில் அந்தக் கூறு அரை சதுர மில்லிமீட்டர்தான் வரும். ஒரு நெல்மணி கிடக்கும் இடத்தைவிடச் சிறியது! ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இவ்வளவு நுட்பமாக அளக்கத் தெரிந்திருக்கிறது. பகிரத்தான் தெரியவில்லை!

பெரிய கோவில் வங்கியாகவும் இருந்தது தெரியுமா?

1010-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட இந்தக் கோவில், ஊர்ச் சபைகளுக்குக் கடன் கொடுத்தது. வட்டி எவ்வளவு? ஆண்டுக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம்! கோவிலில் ஆடிய 400 பெண்களுக்கு ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் தரப்பட்டதைக் கல்வெட்டே சொல்கிறது.

அதே கல்வெட்டுகளில் இன்னொன்றும் இருக்கிறது. வரி இல்லாத நிலங்களைப் பட்டியலிடும்போது, ஊர் தனி, பறைச்சேரி தனி என்று எழுதியிருக்கிறார்கள். ஊருக்கும் சேரிக்கும் இடையிலான கோடு ஆயிரம் ஆண்டுப் பழையது!

குடிசை போட்ட இடம்கூடச் சொந்தமில்லை!

நம்ப முடிகிறதா? பண்ணையாள், அதாவது பண்ணையோடு கட்டுண்ட கூலியாள், மிராசுதார் என்ற நிலவுடைமையாளரின் வயலில் உழைத்தார். மிராசுதாரின் இடத்தில்தான் குடியும் இருந்தார். எதிர்த்துப் பேசினால் வேலையும் போகும், தலைக்கு மேல் இருந்த கூரையும் போகும்! தவறு செய்ததாகச் சொல்லிச் சவுக்கால் அடிப்பதும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைப்பதும் தண்டனைகளாக இருந்தன. சவுக்கடி, சாணிப்பால் என்ற இரண்டு சொற்கள் கீழத்தஞ்சையில் இன்றும் முதியவர்களின் நினைவில் இருக்கின்றன. இதை எதிர்த்துப் பண்ணையாட்களைத் திரட்டிய பி.சீனிவாசராவ் கர்நாடகத்தில் பிறந்தவர் என்பது தெரியுமா? தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவர், சேரி சேரியாக நடந்து சங்கம் கட்டினார்!

நடவு வயலிலிருந்து கப்பலுக்கு!

நெல் விளையும் ஊரிலிருந்து பிழைப்புத் தேடிக் கடல் தாண்டியவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஆயிரம் ஆயிரமாக! நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து மலேயா ரப்பர் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறினார்கள். 1926-இல் ஓடத் தொடங்கிய 'ரஜூலா' கப்பல், பல பத்தாண்டுகள் நாகைக்கும் பினாங்குக்கும் இடையே ஆட்களை ஏற்றிச் சென்றது. ஊருக்கே சோறு போட்ட படுகை, தன் உழைப்பாளிகளைக் கப்பலேற்றி அனுப்பியது!

40, 60, 75... இந்த மூன்று எண்கள் என்ன?

ஒரு சட்டம் விளைச்சலின் பங்கையே மாற்ற முடியுமா? முடியும்!

1952-இல் ராஜாஜி ஆட்சியில் வந்த தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், உழுத குத்தகைதாரருக்கு விளைச்சலில் குறைந்தது 40 சதவீதம் என்றது. பண்ணையாட்களை நினைத்தபோது வெளியேற்றவும் தடை போட்டது. 1956-இல் வந்த நியாயக் குத்தகைச் சட்டம் நன்செயில் உழுதவருக்கு 60 என்றது. 1980-இல் வந்த திருத்தம் 75 ஆக்கியது! அதே வயல், அதே காவிரித் தண்ணீர். ஆனால் 28 ஆண்டுகளில் சட்டப்படி உழுதவர் பங்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு!

விளைச்சல் பெருகினால் பள்ளம் தானாகத் தூர்ந்துவிடுமா?

இல்லை என்று காட்டியதும் தஞ்சாவூர்தான்! 1960-இல் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு இந்தியா முழுவதிலும் முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் ஒன்று தஞ்சை. அடுத்து வந்தது 'ஆடுதுறை 27'. வெறும் 105 நாளில் அறுவடை! குறுவைக்குக் கிடைத்த வரம்!

ஆனால் அமெரிக்க ஆய்வாளர் ஃபிரான்சின் ஃபிராங்கல், தஞ்சை உட்பட ஐந்து மாவட்டங்களை ஆராய்ந்து 1971-இல் எழுதிய நூலில் என்ன சொன்னார் தெரியுமா? பசுமைப் புரட்சியின் பெரும் பலன் நிலமும் முதலும் உள்ளவர்களுக்கே போனது, இடைவெளி இன்னும் அகன்றது என்றார்! குதிர் நிறைந்தது. யார் குதிர் என்பதுதான் கேள்வி!

பணமே சாட்சி சொன்ன வழக்கு!

1968 டிசம்பர் 25. கீழத்தஞ்சையின் கீழவெண்மணி கிராமம். கூலியாகக் கொஞ்சம் நெல் கூடுதலாகக் கேட்டுச் சங்கமாகத் திரண்டவர்களின் சேரி தாக்கப்பட்டது. ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து போனார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள்.

அதைவிட அதிரவைக்கும் செய்தி தெரியுமா? கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற நிலவுடைமையாளர்களை 1973-இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. பெருநிலம் வைத்திருப்பவர்கள், கார் வைத்திருப்பவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது தீர்ப்பில் சொன்ன காரணங்களில் ஒன்று! செல்வம் வயலில் மட்டும் எடை போடவில்லை. நீதித் தராசிலும் எடை போட்டது!

நெருப்புக்குப் பிறகு மூன்று சட்டங்கள்!

கீழவெண்மணிக்குப் பிறகு என்ன நடந்தது தெரியுமா?

1969: கணபதியா பிள்ளை ஆணையத்தின் விசாரணையை அடுத்து, விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம்!

1970: ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்றிருந்த நில உச்சவரம்பு 15 ஆகப் பாதியாகக் குறைந்தது!

1971: குடியிருப்புச் சட்டம்! அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையே சொந்தம்! 'வெளியே போ' என்ற மிரட்டல் ஒரே கையெழுத்தில் செல்லாமல் போனது!

ஓட்டைகளும் இருந்தன. உச்சவரம்பில் அறக்கட்டளைகளுக்கு விலக்கு இருந்ததால், காகிதத்தில் அறக்கட்டளையாக மாறிய பண்ணைகள் உண்டு. சட்டம் எழுதுவது பாதி வேலை, ஓட்டையை அடைப்பது மீதி வேலை!

துப்பாக்கி இல்லை, பகை இல்லை, 13,000 ஏக்கர்!

கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனைத் தெரியுமா? 1926-இல் பிறந்தவர். நிலமற்ற தலித் குடும்பத்துப் பெண். காந்தியின் வழியில் வந்தவர். கீழவெண்மணிச் செய்தி கேட்டு, கணவர் ஜெகந்நாதனோடு கீழத்தஞ்சைக்கே குடிவந்தார். இருவரும் 1981-இல் தொடங்கிய அமைப்புதான் 'லாஃப்டி', அதாவது உழுபவரின் நில விடுதலை இயக்கம்.

இவர்கள் வழி என்ன தெரியுமா? நில உரிமையாளரிடம் பேசி நியாய விலைக்கு நிலத்தை வாங்குவது. வங்கிக் கடன் ஏற்பாடு செய்வது. குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று பிரிப்பது. பத்திரத்தைப் பெண் பெயரில் பதிவது! இப்படியே சுமார் 13,000 குடும்பங்களுக்கு 13,000 ஏக்கர் போய்ச் சேர்ந்தது! 2008-இல் மாற்று நோபல் என்று பெயர்பெற்ற 'ரைட் லைவ்லிஹுட்' விருது, 2020-இல் பத்மபூஷண்! கடலோர வயல்களை விழுங்கிய இறால் பண்ணைகளை எதிர்த்தும் இந்தத் தம்பதி போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான் 1996-இல் உச்சநீதிமன்றம் அந்தப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது!

இன்றைய இந்தியா: நூறு மரக்கால் கணக்கு!

இந்தியாவின் மொத்தச் சொத்தும் 100 மரக்கால் நெல் என்று வையுங்கள். களத்தில் 100 பேர் நிற்கிறார்கள். ஒரே ஒருவர் 40 மரக்காலை அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்! கடைசியில் நிற்கும் 50 பேருக்கும் சேர்த்துக் கிடைப்பது ஏறக்குறைய ஆறரை மரக்கால்தான்! உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை 2022-23-ஆம் ஆண்டுக்குச் சொல்லும் கணக்கு இது. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தைவிட இப்போது வருமான ஏற்றத்தாழ்வு அதிகம் என்கிறது அதே அறிக்கை!

1991-இல் இந்தியாவில் நூறு கோடி டாலருக்கு மேல் சொத்து வைத்திருந்தவர் ஒரே ஒருவர். 2022-இல் 162 பேர்!

கல்லணை காலத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாலும் போதாது!

அதே அறிக்கையின்படி, கீழ்ப் பாதியில் இருக்கும் ஒருவரின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 71,000 ரூபாய். உச்சியில் இருக்கும் பத்தாயிரத்துக்கும் குறைவான பேரின் சராசரி ஆண்டு வருமானம் 48 கோடி ரூபாய்! அவர் ஓராண்டில் ஈட்டுவதை இவர் ஈட்ட எத்தனை ஆண்டு ஆகும் தெரியுமா? 6,700 ஆண்டுக்கும் மேல்! கரிகாலன் கல்லணை கட்டிய நாளில் இவர் வேலைக்குச் சேர்ந்திருந்தாலும், இன்றுவரை அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டியிருக்க மாட்டார்!

உழுபவர் ஒருவர், உதவி பெறுபவர் வேறொருவர்!

விவசாயிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம்.கிசான் திட்டம் தெரியும்தானே? அது நிலம் சொந்தமாக உள்ள குடும்பத்துக்கு மட்டும்! வாய்மொழியாகக் குத்தகைக்கு எடுத்து, சேற்றில் இறங்கி, கடைமடையில் தண்ணீருக்காகக் காத்துக் கிடப்பவர் பட்டியலிலேயே இல்லை! குத்தகைப் பதிவுக்கென்றே 1969-இல் ஒரு சட்டம் வந்தது. ஆனாலும் எத்தனை குத்தகைகள் வாய்ச்சொல்லோடு நிற்கின்றன! சீட்டு இல்லையென்றால் பயிர்க்கடனுக்கும் திண்டாட்டம், காப்பீட்டுக்கும் திண்டாட்டம்!

இன்னொன்று தெரியுமா? நாள் முழுக்க ஒரு கூட்டம் ஆட்கள் அறுக்கும் ஒரு ஏக்கரை, அறுவடை இயந்திரம் ஒரு மணி நேரம் போல ஓடி முடித்துவிடுகிறது. நேரம் மிச்சம்தான். ஆனால் அந்த அறுப்புக் கூலியை நம்பியிருந்த பெண்கள் எங்கே போவார்கள்?

தைவானில் நடந்தது தெரியுமா?

1949-இல் தைவான், குத்தகை விளைச்சலில் 37.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றது. 1953-இல் 'உழுபவருக்கே நிலம்' என்று அறிவித்து, குத்தகைக்கு விட்ட நிலத்தில் நில உடைமையாளருக்குச் சுமார் 3 ஹெக்டேர் போக மீதியை வாங்கி உழுதவர்களுக்கே விற்றது! பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறையே ஒழிந்தது!

வயிறும் ஒரு சொத்துதான்!

நிலம் மட்டுமே மருந்தா? இல்லை! தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். 2006-இல் நூறு நாள் வேலை தொடங்கிய முதல் கட்டத்திலேயே நாகப்பட்டினம் மாவட்டமும் சேர்ந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி! 1989-இலேயே தமிழ்நாட்டில் மகளுக்கும் பரம்பரைச் சொத்தில் சம பங்கு. இந்தியா முழுமைக்கும் அது வர 2005 ஆனது! பள்ளிக் குழந்தைகளின் காலை உணவுத் திட்டம் 31,008 பள்ளிகளுக்கு விரிந்த விழா 2023 ஆகஸ்டில் எங்கே நடந்தது தெரியுமா? கீழத்தஞ்சையின் திருக்குவளையில்! கீழவெண்மணி இருக்கும் அதே வட்டாரம்!

பத்தாயிரம் பேரில் நாலே பேர்!

பணம் எங்கிருந்து வரும் என்கிறீர்களா? அதே உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தார் ஒரு கணக்குச் சொல்கிறார்கள். 10 கோடி ரூபாய்க்கு மேல் சொத்து உள்ளவர்களிடம் ஆண்டுக்கு 2 சதவீதச் சொத்து வரி, பரம்பரைச் சொத்து கைமாறும்போது 33 சதவீத வரி. பாதிக்கப்படுவோர் வயது வந்தோரில் 10,000-க்கு நாலே பேர்! கிடைப்பதோ நாட்டு மொத்த உற்பத்தியில் 2.73 சதவீதம்!

புதுமையான யோசனை என்று நினைக்காதீர்கள். சொத்து வரி 1957-இலேயே வந்தது. கொண்டுவந்த நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி ஒரு தமிழர்! 2015-இல் அதை எடுத்துவிட்டார்கள். இறப்புக்குப் பின் சொத்து மீது விழுந்த வரி ஒரு காலத்தில் 85 சதவீதம் வரை போனது. 1985-இல் அதையும் எடுத்துவிட்டார்கள்!

கடைசியாக ஒரு கேள்வி!

பண்ணையாள் முறை விதி என்றார்கள், அது போனது. மனை கிடைக்காது என்றார்கள், கிடைத்தது. உழுதவருக்குப் பாதிப் பங்கே அதிகம் என்றார்கள். சட்டம் முக்கால் பங்கு என்றது! எதுவும் தானாக நடக்கவில்லை. கேட்டவர்கள் இருந்ததால் நடந்தது.

நீங்கள் என்ன செய்யலாம் தெரியுமா? நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தால், உழுபவர் பெயரைப் பதிவு செய்யுங்கள். சொத்தைப் பிரிக்கும்போது மகளின் பங்கை மகளுக்கே எழுதுங்கள். நடவுக்கு வரும் பெண்களுக்கு நியாயக் கூலியை அன்றன்றே கொடுங்கள். ஓட்டுக் கேட்டு வருபவரிடம், சொத்து வரி பற்றி உங்கள் கட்சியின் நிலை என்ன என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நெல்மணி அளவு நிலத்தைக்கூட அளந்த மண் இது. நியாயத்தையும் அதே நுட்பத்தோடு அளக்க நம்மால் முடியும்!