மலை ஏறினால் டயரில் காற்று ஏறுமா?

மணாலியிலிருந்து லே செல்லும் சாலையில் டாண்டி என்ற சிற்றூர் வரும். அங்கே ஒரு பெட்ரோல் பங்க். அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று சொல்லும் அதன் அறிவிப்புப் பலகை பைக் பயணிகளிடையே புகழ்பெற்றது. அதைப் பார்த்ததும் டேங்கை விளிம்புவரை நிரப்புகிறார்கள். கேன்களிலும் பிடித்துக் கட்டிக்கொள்கிறார்கள். டயருக்குப் பக்கத்தில் குனிந்து காற்றைப் பார்ப்பவர்கள் குறைவு. பார்ப்பவர்களில் சிலரும் கேஜ் காட்டும் எண்ணைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்த எண் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பஞ்சர் குறையும், டயர் நாள்பட உழைக்கும், உயிருக்கும் பாதுகாப்பு.

சுமப்பது யார்?

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனை எடுத்துக்கொள்வோம். 2016இல் அறிமுகமான இந்த வண்டியின் பெயர்தான் இமயத்துடையது. அது உருவாவது சென்னையை அடுத்த ஆலைகளில். வண்டி ஏறக்குறைய 200 கிலோ. ஓட்டுபவரும் பைகளும் சேர்ந்தால் 300ஐத் தொடும். அதில் 160 கிலோ பின்சக்கரத்தில் இறங்குவதாகக் கொண்டால், அது 350 பவுண்டுக்குச் சற்று மேல்.

டயருக்குள் 30 பி.எஸ்.ஐ. காற்று இருக்கிறது. ஒரு சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தம் என்பது இதன் பொருள். 350ஐ 30ஆல் வகுத்தால் சுமார் 12 சதுர அங்குலம் வரும். பின்டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய அவ்வளவுதான், ஓர் உள்ளங்கை அளவு. டயரின் விறைப்பால் இந்தக் கணக்கு கொஞ்சம் முன்பின் ஆகலாம். ஆனாலும் சுமையின் பெரும்பங்கைத் தூக்குவது காற்றுதான். ரப்பர் அந்தக் காற்றைப் பிடித்துவைத்திருக்கும் பை.

கல்லும் தாரும்

இதே டயரில் காற்றை 18ஆகக் குறைத்தால், தரையைத் தொடும் பரப்பு சுமார் 20 சதுர அங்குலமாக விரிகிறது. சரளைக் கல்லிலும் மணலிலும் இந்தக் கூடுதல் பரப்புதான் பிடிமானம். விறைப்பாக ஊதிய பலூனை விரல் நகத்தால் குத்தினால் வெடித்துவிடும். தளர்வாக ஊதியது நகத்தைச் சுற்றி வளைந்து கொடுக்கும். கூரான கல்லின் மேல் டயரும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. மண் பாதை தொடங்கும் இடத்தில் அனுபவசாலிகள் வண்டியை நிறுத்திக் காற்றை இறக்குவது இதற்காகத்தான்.

அளவு மீறி இறக்கவும் கூடாது. பெரிய கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு ஓட்டை விழும். பிரேக் பிடிக்கும்போது டயர் ரிம்மின் மேல் நழுவி ட்யூபையும் இழுத்துக்கொண்டு போனால், வால்வு வேரோடு பிய்ந்துவிடும். ட்யூப்லெஸ் டயரில் ரிம் நெளிந்து அந்த வழியே காற்று கசியும்.

குறைந்த காற்றோடு தார்ச்சாலைக்குத் திரும்பினால் இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்து நிமிர்த்தி, வளைந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். டயரின் பக்கச்சுவரும் ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடுகையில் வளைந்து, விலகுகையில் நிமிர்கிறது. ஹிமாலயன் போன்ற வண்டியின் பின்டயர் சுற்றளவு சுமார் 2 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 11 முறை சுற்றும். வளையச் செலவான ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை, மிச்சம் வெப்பமாகிறது. காற்று குறையக் குறைய வளைவு அதிகம், சூடும் அதிகம். சூடேறிய ரப்பர் இளகி வேகமாகத் தேயும். எல்லை மீறினால் டயரின் உள்நூல்கள் பிரிந்து, ஓடும்போதே டயர் கிழியலாம்.

விரல் படிக்கும் எழுத்து

காற்றை நாம் எப்படி வைத்திருந்தோம் என்பதை டயரின் முகம் சொல்லிவிடும். நடுப்பகுதி மட்டும் சப்பையாகத் தேய்ந்திருந்தால், அதிகக் காற்றோடு ஓடியிருக்கலாம், அல்லது நெடுஞ்சாலையில் நேராகவே வெகுதூரம் போயிருக்கலாம். அப்படிச் சப்பையான டயர் வளைவில் முதலில் சாய மறுக்கும், பிறகு திடீரெனச் சாயும். இதே சாலையில் வரும் கட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த வேறுபாடு கையில் தெரியும்.

பெரிய ரப்பர்க் கட்டைகள் கொண்ட டயரில் உள்ளங்கையை முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கமாகத் தடவினால் வழவழப்பு, எதிர்ப்பக்கம் ரம்பம் மாதிரி உறுத்தல் என்றால், கட்டைகளின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறது. பிரேக்கின் இழுப்பு முன்டயரில் இதைச் செய்கிறது. எஞ்சினின் உந்துதல் பின்டயரில் செய்கிறது. காற்று குறைந்திருந்தால் கட்டைகள் கூடுதலாக நெளிந்து இந்தத் தேய்மானம் விரைவாகும்.

உயரம் செய்யும் மாயம்

இனித் தலைப்பில் உள்ள கேள்வி. கேஜ் அளப்பது டயருக்குள் இருக்கும் முழு அழுத்தத்தை அல்ல. உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை. சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கும் மணாலியில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 11.5 பி.எஸ்.ஐ. வழியிலேயே உயரமான தங்லங் லா கணவாய் 5,328 மீட்டர். அங்கே அது 7.5 அளவில்தான். ஆகவே ஒரு மூச்சுக் காற்றுகூடச் சேர்க்காமலே, கணவாயில் கேஜ் 4 கூடுதலாகக் காட்டும்.

குளிர் இதற்கு எதிர்த்திசையில் இழுக்கிறது. மணாலியில் 20 டிகிரியில் 30 வைத்த டயர், கணவாயில் 0 டிகிரிக்குக் குளிர்ந்துவிட்டால் 31 அளவில் நிற்கும். உயரம் ஏற்றியதைக் குளிர் பெரும்பாலும் இறக்கிவிடுகிறது.

பொறி இருப்பது நண்பகலில். பலமணிநேரம் ஓடிக் கணவாயை அடையும்போது, அதே டயர் 40 டிகிரிக்குச் சூடாகியிருக்கிறது. இப்போது உயரமும் சூடும் ஒரே பக்கம் சேர்ந்துகொள்கின்றன. கேஜ் 37 காட்டுகிறது. ‘காற்று அதிகமாகிவிட்டது’ என்று பதறி அதை 30க்கு இறக்குகிறார் ஒருவர். மறுநாள் காலை, 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லேயில் 5 டிகிரிக் குளிரில் அதே டயரில் இருப்பது ஏறக்குறைய 24. நல்ல தார்ச்சாலை, வண்டி நிறையப் பைகள், டயரிலோ 6 பி.எஸ்.ஐ. குறைவு. முந்தைய நாள் சரியாக இருந்த டயரைக் கெடுத்தது, நல்லெண்ணத்தோடு செய்த அந்தத் திருத்தம்தான்.

வண்டியின் கையேடு தரும் எண் எப்போதும் குளிர்ந்த டயருக்கு உரியது. தனியே போனால் ஓர் எண், பின்னால் ஆளும் பைகளும் ஏறினால் வேறோர் எண். பிஎம்டபிள்யூ ஜிஎஸ் வண்டிகளின் திரையில் தெரிவதோ, டயர் 20 டிகிரியில் இருந்தால் எவ்வளவு இருக்கும் என்று மாற்றிக் கணக்கிட்ட அளவு. பஞ்சர் கடை கேஜோடு அது ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டில் ஒன்று பழுது என்று அர்த்தமில்லை.

ஆகவே பயணம் போகிறவர்களிடம் நான் வேண்டுவது இதுதான். சொந்தமாக ஒரு கேஜும் ஒரு சிறிய பம்பும் பையில் இருக்கட்டும். கல் பாதைக்காக இறக்கிய காற்றை, தார்ச்சாலை தொடங்கும் இடத்திலேயே திரும்ப அடித்துவிடுங்கள். சூடான டயரில், கணவாயின் உச்சியில் காற்றை இறக்காதீர்கள். தங்கும் ஊரில் விடிந்ததும், எஞ்சினைக் கிளப்பும் முன், வெயில் டயரில் விழும் முன், கேஜை வையுங்கள். அப்போது அது காட்டும் 30தான் கையேடு சொல்லும் 30.