கிரியாட்டினின் நார்மல், ஆனா சிறுநீர்ல நுரை: அமிலாய்டோசிஸ் என்றால் என்ன?

இன்னிக்கு எபிசோடை என் பெரியப்பாவோட சாக்ஸ்லேருந்து ஆரம்பிக்கிறேன். சாயங்காலம் அதைக் கழட்டினா கணுக்காலைச் சுத்தி வளையம் மாதிரி பள்ளம் தெரியும். "நாள் முழுக்க நிக்கிறேன்ல, அதான்" என்பார். ஊறுகாயை நிறுத்தினோம். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் நார்மல். கிட்னி நல்லா இருக்குன்னு எல்லாரும் நிம்மதியாயிட்டோம். சிறுநீர் நுரை நுரையாகப் போவதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதையெல்லாம் வீட்ல யாரு சொல்லுவா?

எட்டு மாசம் கழிச்சு இன்னொரு டாக்டர் சிறுநீரைச் சோதிக்கச் சொன்னார். புரதம் கொட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் பயாப்சி. ரிப்போர்ட்டில் இருந்த வார்த்தை, அமிலாய்டோசிஸ்.

நம்ம உடம்புல புரதங்கள் சரியா மடிந்தால்தான் வேலை செய்யும். சில புரதங்கள் தப்பாக மடிந்து, ஒன்றோடொன்று ஒட்டி, நார் நாராக உறுப்புகளில் படிந்துவிடும். அதுதான் அமிலாய்டு. 1854-ல் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ இந்தப் படிவில் அயோடின் விட்டுப் பார்த்தார். நிறம் மாறியதால் மாவுச்சத்து மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்து இந்தப் பெயரை வைத்தார். அது மாவே இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கிச்சு.

சரி, கிட்னிக்கு ஏன் ஆபத்து? ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் 10 லட்சம் குட்டி வடிகட்டிகள் இருக்கு. அமிலாய்டு அதுல படிஞ்சா, ரத்தத்தில் இருக்க வேண்டிய ஆல்புமின் கசியும். ரத்தக் குழாய்க்குள்ள தண்ணியைப் பிடிச்சு வைக்கிறதில் அதுக்குப் பெரிய பங்கு. அது குறையும்போது கால் வீங்கும்.

டீ வடிகட்டியை நினைச்சுக்கோங்க. அது கிழிஞ்சாலும் டீ இறங்கும், கூடவே தூளும் இறங்கும். கிரியாட்டினின் சொல்வது டீ இறங்குதா என்பதை மட்டும். தூள் வருதான்னு தெரிய சிறுநீரைத்தான் பார்க்கணும். நாங்க கோட்டை விட்டது அங்கதான்.

இதில் பல வகை இருக்கு. ஏ.எல். வகையில், எலும்பு மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா செல்கள் உருவாக்கும் புரதத் துண்டுகள் படியும். அதற்கு அந்தச் செல்களைக் குறிவைக்கிற மருந்துகள். ஏ.ஏ. வகை நீண்டகால அழற்சியால் வருவது. நம்ம நாட்டில் காசநோயும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். பெரியப்பாவுக்கு இருபது வருஷமா முடக்குவாதம். வலி வந்தா மாத்திரை, போனா மறந்துடுவார். உள்ளே அழற்சி ஓடிக்கிட்டே இருந்திருக்கு.

வகை தெரியாமல் சிகிச்சை தொடங்கக்கூடாது. பயாப்சித் துண்டில் காங்கோ ரெட் என்ற சாயத்தைப் போடுவார்கள், ஒரு காலத்தில் துணிக்குப் போட்ட சாயம். போலரைஸ்டு ஒளியில் அமிலாய்டு ஆப்பிள் பச்சையாக மின்னும். எந்தப் புரதம் என்று கண்டுபிடிக்க அதற்கு மேலும் சோதனைகள் உண்டு.

நுரை வந்தாலே இந்த நோய்னு பயப்படாதீங்க. வேகமாப் போனாலும் நுரைக்கும். ஆனா தினமும் நுரைச்சு, காலும் வீங்கினா, சிறுநீரில் ஆல்புமின் அளவைப் பார்க்கணும்னு டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க. வீட்ல பழைய மூட்டு நோயோ காசநோயோ இருந்தவங்க இருந்தா, அதையும் சொல்லுங்க.

பெரியப்பா இப்போ முடக்குவாத மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். கசிவு குறைஞ்சிருக்கு, நிக்கல. முன்னாடி நுரையைப் பத்தி வாயே திறக்காதவர், இப்போ காலையில் எனக்கு போன் போட்டு, "இன்னிக்குக் கம்மிடா" என்கிறார்.