போல்டரிங் பழக ஆசையா? எதை முதல்ல வாங்கணும், எதை இப்போதைக்கு வாங்கவே வேண்டாம்?

நெய்வேலி டவுன்ஷிப்பில் அகலமான சாலைகள் உண்டு, நிழல் தரும் மரங்கள் உண்டு, ஓடிப் பழக பாரதி ஸ்டேடியமும் உண்டு. இல்லாத ஒன்று பாறை. இங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடப்பது களிமண்ணும் இளகிய மணற்கல்லும்தான். சுரங்கத்தின் ஓரத்தில் குன்று போலத் தெரிபவை தோண்டிக் கொட்டிய மண்மேடுகள். அவை சரியக்கூடியவை, அனுமதியில்லாமல் நுழையவும் கூடாது. அதனால் அந்தப் பக்கம் ஏறிப் பார்க்கும் யோசனையே வேண்டாம்.

ஆனால் ஆசைக்கு ஊர் தெரியாதே! டோக்கியோ ஒலிம்பிக்கில் பாறையேற்றம் முதன்முறையாக இடம்பெற்றது. 2024-ல் பாரிஸிலும் தொடர்ந்தது. போனில் நாலு வீடியோ பார்த்த இரவே ஆன்லைன் கார்ட் நிரம்பிவிடுகிறது: ஷூ, சாக் பவுடர், க்ராஷ் பேட், விரலுக்குப் பயிற்சிப் பலகை. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆர்டர் செய்தால் பணம் வீண். தவறான பொருளை நம்பிக் குதித்தால் கணுக்காலும் போகும்.

போல்டரிங் என்றால் என்ன?

கயிறும் இடுப்புப் பட்டையும் இல்லாமல் உயரம் குறைந்த பாறையிலோ செயற்கைச் சுவரிலோ ஏறுவது. ஜிம் சுவர்கள் பொதுவாக நாலு, நாலரை மீட்டர் உயரத்துக்குள் இருக்கும். கயிறு இல்லாததால் செலவு குறைவு. அதே காரணத்தால் பிடி நழுவும் ஒவ்வொரு முறையும் நேராகத் தரைக்குத்தான் வர வேண்டும். எதை வாங்குவது என்ற கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதல் கேள்வி: எங்கே ஏறப் போறீங்க?

நெய்வேலியில் இருப்பவருக்கு நடைமுறையில் இரண்டு வழிகள். ஒன்று, சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களின் க்ளைம்பிங் ஜிம்கள். அங்கே ஷூ பெரும்பாலும் வாடகைக்குக் கிடைக்கும், தரை முழுக்க மெத்தை இருக்கும். பேட் தேவையே இல்லை.

இன்னொன்று, இயற்கைப் பாறை. இந்தியாவில் போல்டரிங் என்றதும் நினைவுக்கு வருவது கர்நாடகத்தின் ஹம்பி. அமெரிக்க வீரர் கிறிஸ் ஷர்மா அங்கே ஏறியதைக் காட்டும் 2003-ம் ஆண்டுப் படம் 'பில்கிரிமேஜ்' அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. வெயில் தணிந்த நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே ஏற ஏற்ற காலம்.

'விழுப்புரம் தாண்டினா செஞ்சியிலயே பாறை இருக்கே' என்று தோன்றலாம். செஞ்சிக் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. படி வழியாக ஏறி ரசிக்கலாம், சாக் பவுடரோடு போகக் கூடாது.

ஷூ: முதலில் வாடகை, பிறகு சொந்தம்

ஓடுவதற்கான ஷூவில் அடிப்பாகம் தடிமனாகவும் மெத்தென்றும் இருக்கும். விரலகல விளிம்பில் நிற்கும்போது கால் எதன் மேல் இருக்கிறது என்றே தெரியாது. க்ளைம்பிங் ஷூவின் அடியில் மெல்லிய, ஒட்டும் தன்மையுள்ள ரப்பர் இருக்கும். கால் விரல்களின் பலம் நேராகப் பாறைக்குப் போகும்.

மூன்று நாலு முறை வாடகை ஷூவில் ஏறிய பிறகும் ஆசை குறையவில்லை என்றால் சொந்தமாக வாங்கலாம். சில ஆயிரம் ரூபாய் செலவு என்பதால் கவனிக்க வேண்டியவை:

• அடிப்பாகம் தட்டையான மாடல் போதும். முனை கீழ்நோக்கி வளைந்தவை செங்குத்தைத் தாண்டிச் சாயும் சுவர்களில் ஏறுபவர்களுக்கானவை.
• கடையில் போட்டுப் பார்த்தே வாங்கணும். ஒரே சைஸ் எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரம் நல்லது.
• விரல்கள் முனையைத் தொடணும், குதிகாலில் இடைவெளி கூடாது. இறுக்கம் சரி, குத்தும் வலி சரியில்லை. 'வலிச்சாத்தான் நல்ல ஷூ' என்ற பேச்சை நம்ப வேண்டாம்.
• தோல் ஷூ போகப் போகத் தளரும். செயற்கைத் துணியில் செய்தது அவ்வளவாகத் தளராது.
• ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே கழற்றி மாட்ட வேண்டியிருப்பதால் வெல்க்ரோ பட்டி வைத்தது வசதி.

சாக் பவுடர்: பள்ளிக்கூட சாக்பீஸ் அல்ல

இது மெக்னீசியம் கார்பனேட். கை வியர்வையை உறிஞ்சிப் பிடியைக் காக்கும். ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்கள் பயன்படுத்திவந்த இதை 1950-களில் பாறையேற்றத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ஜான் கில். கடலோர மாவட்டப் புழுக்கத்துக்குப் பழகிய கைகளுக்கு இதன் அருமை முதல் நாளே புரியும். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். பவுடர் பறக்கக் கூடாது என்று சில ஜிம்கள் திரவ சாக் மட்டும் அனுமதிக்கும், கேட்டுக்கொண்டு வாங்கணும்.

கூடவே பழைய டூத் பிரஷ் ஒன்று போதும், பிடிகளில் படிந்த பவுடரைத் துடைக்கலாம். கம்பி பிரஷ் பாறையைத் தேய்த்துவிடும், கூடவே கூடாது.

க்ராஷ் பேட்: வீட்டு மெத்தை போதாதா?

போதாது. காரணம் பேட்டின் உள்ளே இருக்கிறது. மேலே கெட்டியான ஃபோம், கீழே மென்மையான ஃபோம் என்று இரண்டு அடுக்குகள். மேல் அடுக்கு, கால் விழுந்த வேகத்தை அகலமாகப் பரப்பும். கீழ் அடுக்கு அதை மெல்ல உள்வாங்கும். இலவம்பஞ்சு மெத்தையில் கால் ஒரே இடத்தில் புதையும், கணுக்கால் மடங்கும். சாதாரண ஃபோம் மெத்தை அமுங்கித் தரையைத் தொட்டுவிடும்.

பேட் வாங்க பெரும்பாலும் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். மடித்தாலும் பஸ் சீட்டுக்கு அடியில் போகாது. ஆண்டுக்கு ஒரு தடவை ஹம்பி போகிறவருக்கு அதைச் சொந்தமாக வைத்திருக்கும் அவசியம் இல்லை. ஏறுபவர்கள் அதிகம் வரும் இடங்களில் வாடகைக்குக் கிடைப்பதுண்டு, கிளம்பும் முன் விசாரிக்கலாம். நாலு நண்பர்கள் சேர்ந்தும் வாங்கலாம். இரண்டு பேட் போட்டால் நடுவே இடைவெளி விடக் கூடாது. கால் சிக்கினால் பேட்டாலேயே காயம் வரும்.

காசு கொடுக்காமல் கிடைப்பது

எவ்வளவு விலை உயர்ந்த பேட்டும் விழத் தெரியாதவரைக் காப்பாற்றாது. முதல் நாள் பயிற்றுநரிடம் கேட்க வேண்டியது, 'எப்படி ஏறணும்?' என்பதற்கு முன்னால் 'எப்படி விழணும்?' என்பதுதான். இரண்டு காலும் ஒன்றாக இறங்க, முழங்கால் மடங்க, அப்படியே பின்னால் உருளணும். கையைப் பின்னால் ஊன்றக் கூடாது, மணிக்கட்டு உடையும். கைகளை மார்போடு அணைத்துக்கொள்வது பாதுகாப்பு.

பாறையில் தனியாக ஏறவும் கூடாது. கீழே நிற்கும் நண்பர் விழுபவரைத் தாங்கிப் பிடிக்க வேண்டியதில்லை. உடலைப் பேட்டின் பக்கம் திருப்பிவிட்டு, தலை அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இப்போதைக்கு வேண்டாதவை

கயிறு, இடுப்புப் பட்டை, கையுறை எதுவும் தேவையில்லை. விரல் பயிற்சிப் பலகையையும் தள்ளிப் போடலாம். தசை சில மாதங்களில் வலுப்பெறும், விரல் தசைநாண்கள் பழக அதைவிட அதிக காலம் பிடிக்கும். அவசரப்பட்டுத் தொங்கினால் மாதக்கணக்கில் ஓய்வெடுக்க நேரும்.

வரிசை இதுதான்

முதல் மாதம்: ஜிம் கட்டணம், வாடகை ஷூ, ஒரு பாக்கெட் சாக், நகவெட்டி. இரண்டாவது, மூன்றாவது மாதம்: சொந்த ஷூ. நம்பிக்கையான கூட்டாளிகளும், அடிக்கடி பாறைக்குப் போகும் பழக்கமும் வந்த பிறகு: பேட்.

அதுவரை கார்டில் இருப்பது கார்டிலேயே இருக்கட்டும். மிச்சமாகும் பணம் நெய்வேலியிலிருந்து சென்னைக்குப் பல முறை பஸ்ஸில் போய்வரப் போதும். புதிதாகப் பழகுபவருக்கு எந்தப் பொருளையும்விடச் சுவரில் செலவாகும் அந்த நேரம்தான் அதிகம் கற்றுத்தரும்.