இடிபாட்டில் குடியேறுகிறவை

'ருடரல்' என்ற ஆங்கில உரிச்சொல்லைத் தாவரவியல்காரர்களைத் தவிர அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். லத்தீனில் 'ரூடுஸ்' என்றால் உடைந்த கல், காரை, செங்கல் சல்லி. அதன் பன்மை 'ரூடெரா'. இடிந்த சுவர், குப்பைமேடு, ரயில்பாதை என்று மனிதன் கிளறிப்போட்ட இடங்களில் முதல் ஆளாக முளைக்கும் செடிகளுக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1753-லேயே லின்னேயஸ் கடுகுக் குடும்பத்துச் செடி ஒன்றை 'லெபிடியம் ருடரேல்' என்றார். ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் நுழைய 19-ஆம் நூற்றாண்டு ஆனது.

'உன் வீட்டுல எருக்கு முளைக்க' என்று நம்மூரில் சபிப்பார்கள். 1940-41-இல் லண்டனுக்கு அது பலித்தது. ஜெர்மன் குண்டுகள் தரைமட்டமாக்கிய தெருக்களில் எருக்குக்குப் பதிலாக ரோஸ்பே வில்லோஹெர்ப் ஆளுயரத்துக்கு இளஞ்சிவப்பாகப் பூத்துக் குலுங்கியது. ஒரு செடி 80,000 விதைகள் வரை விடும். ஒவ்வொன்றுக்கும் பறக்கப் பஞ்சுக் குஞ்சம் உண்டு. ஜனங்கள் அதற்கு 'பாம்ப்வீட்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநர் எட்வர்ட் சாலிஸ்பரி அந்த இடிபாடுகளில் அலைந்து செடிகளைக் கணக்கெடுத்தார். தன் கால்சட்டை மடிப்பில் சேர்ந்த தூசியை விதைத்து இருபதுக்கும் மேற்பட்ட வகைச் செடிகளை முளைக்கவைத்த மனிதர் அவர்.

அழிவிலிருந்து எழும் நம்பிக்கை என்றெல்லாம் இந்தச் செடிகளைப் பாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. காலி இடம், வெயில், மண்ணில் சத்து, பங்குக்கு வர ஆளில்லாமை: இவை கிடைத்தால் மளமளவென்று வளர்ந்து, பூத்து, விதைவிட்டு முடித்துக்கொள்வதுதான் பெரும்பாலான ருடரல்களின் பிழைப்பு. மரம் வளர்ந்து நிழல் விழுந்தால் மூட்டையைக் கட்டிவிடும்.

எனக்குப் பிடித்த ருடரல் ஆக்ஸ்ஃபர்ட் ராக்வொர்ட். பூர்வீகம் சிசிலி, எட்னா எரிமலைச் சரிவு. ஆக்ஸ்ஃபர்ட் தாவரவியல் தோட்டத்தில் வளர்த்தார்கள்; அது மதிலேறித் தப்பித்துக்கொண்டது. 1844-இல் அந்த ஊருக்கு ரயில் வந்ததும் யோகம் அடித்தது. தண்டவாளத்துக்கு அடியில் கொட்டிய நிலக்கரிக் கசடு அதற்கு எரிமலைக் குழம்புக் கல் மாதிரியே இருந்தது. ரயில் கிளப்பும் காற்று விதையைச் சுமந்தது. தாவரவியலாளர் ட்ரூஸ், ஆக்ஸ்ஃபர்டில் தன் பெட்டிக்குள் மிதந்து வந்த விதைகள் டைல்ஹர்ஸ்ட் நிலையத்தில் வெளியே போனதைக் கண்ணால் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்.

போன இடத்தில் சம்பந்தமும் செய்துகொண்டது. உள்ளூர் கிரவுண்ட்செல் செடியோடு கலந்து, யார்க் நகரில் புதிய இனமே பிறந்தது. 1979-இல் ரயில் நிலையத்தை ஒட்டிய கார் நிறுத்துமிடத்தில் அதைக் கண்டுபிடித்தார்கள். களைக்கொல்லி அடித்து அடித்து, 1991-க்குப் பிறகு ஊரில் அது கண்ணில் படவில்லை. விதை வங்கியில் எடுத்துவைத்திருந்த விதைகளை முளைக்கவைத்து, 2023-இல் அதே யார்க்கில் மறுபடி விதைத்திருக்கிறார்கள், இந்த முறை அரசாங்க அனுசரணையோடு.