கணினிக்குள் தண்ணீர் ஓடினால், சூடு எங்கே போகிறது?

கொதிக்கும் பாலை அவசரமாக ஆற்ற என்ன செய்வீர்கள்? டம்ளரைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பீர்கள். விசிறுவதைவிட வேகமாக ஆறும். ஒரு லிட்டர் நீரை 1 டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம், ஒரு லிட்டர் காற்றுக்குத் தேவைப்படுவதைப்போல் 3,000 மடங்குக்கும் அதிகம்!

கணினியிலும் இதே கதைதான். பிராசஸர்மேல் ஒரு செம்புத் தகடு அழுந்தி உட்கார்ந்திருக்கும். அதன் மறுபுறம் நுண்ணிய பள்ளங்கள். அவற்றின் வழியே நீர் ஓடும். பிராசஸரை நீர் தொடுவதே இல்லை.

ஆனால், கிண்ணத்துத் தண்ணீரும் சற்று நேரத்தில் வெதுவெதுப்பாகிவிடுமே? அதனால்தான் பம்ப் அதை ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. அங்கே மெல்லிய தகடுகளில் பரவும் சூட்டை விசிறிகள் வெளியே ஊதுகின்றன. ஆக, கடைசியில் ஆற்றுவது காற்றுதான். அறை 34 டிகிரி என்றால் நீர் அதற்குக் கீழே இறங்காது. பணத்தை அலங்கார விளக்குகளில் கொட்டாமல் பெரிய ரேடியேட்டரில் போடுங்கள்.

குழாய் முதலில் எந்தப் பாகத்துக்குப் போக வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். நீர் வேகமாகச் சுற்றுவதால் எங்கும் ஏறத்தாழ ஒரே சூடு. நீரைத் தேக்கிவைக்கும் தொட்டி மட்டும் பம்புக்கு மேலே இருக்கட்டும். பம்ப் நீரின்றி ஓடக்கூடாது.

செம்புத் தகட்டோடு அலுமினிய ரேடியேட்டரா? வேண்டவே வேண்டாம். ஒரே நீரில் இரண்டும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். குழாய்த் தண்ணீரும் ஆகாது, உப்பு படியும். இதற்கென விற்கும் திரவமே நல்லது.

கசியுமோ என்ற பயமா? கணினியை முதன்முறை இயக்கும் முன், மற்ற பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்காமல், பம்பை மட்டும் சில மணி நேரம் ஓடவிடுங்கள். இணைப்புகளுக்கு அடியில் டிஷ்யூ காகிதம் வையுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.